மேனேஜர் ஆள் மாற்றிய தீபாவளி

மேனேஜரின் தோல் செருப்பு ஹால் கதவுக்கு வெளியே, சுவரை ஒட்டி, ஜோடியாகக் கிடக்கும். குதிகால் பக்கம் தேய்ந்து, கட்டைவிரல் பதிந்த இடம் கறுத்துப் பளபளத்துப்போன பழைய செருப்பு. அது வெளியே கிடந்தால் அவர் உள்ளே வெறுங்காலோடு நடந்துகொண்டிருக்கிறார் என்று அர்த்தம். மேட்னிக்கு முன்னால் ஒரு தடவை, மாலைக் காட்சிக்கு முன்னால் ஒரு தடவை, தரை டிக்கெட் பகுதியில் ஆரம்பித்து பால்கனி வரைக்கும் வரிசை வரிசையாக நடப்பார். புதிதாக வேலைக்கு வந்தவர்கள் அதைப் பக்தி என்று நினைத்துக்கொள்வார்கள். தியேட்டரைக் கோயிலாக மதிக்கிற மனிதர் போலிருக்கிறது என்று நானும் முதல் வாரம் நினைத்து, என் செருப்பையும் பக்கத்தில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனேன். அவர் திரும்பிப் பார்த்து, "நீங்க எதுக்கும்மா கழட்டினீங்க? கால்ல ஒட்டப்போகுது. ஒட்டுதான்னு பாக்கத்தான் நான் நடக்கறேன்" என்றார். கலர் சோடா சிந்திய இடம், வெற்றிலை எச்சில் காய்ந்த இடம், கழுவிவிட்டுத் துடைக்காமல் விட்ட இடம் எல்லாம் அவர் பாதத்துக்குத் தெரியும். படம் பார்க்க வருகிறவன் இருட்டில்தானே உட்காரப்போகிறான், அவனுக்குத் தரை எப்படி இருக்கிறதென்று கால்தானே சொல்லும் என்பார்.

அறுபதுகளின் ஆரம்பத்தில், திருச்சியில் தென்னூருக்குப் பக்கத்தில் இருந்த அந்தத் தியேட்டரில் பெண்கள் கவுண்டரில் டிக்கெட் கொடுக்கும் வேலை எனக்கு. அப்பா படுத்த படுக்கையாகிவிட்டதால் நான் வேலைக்குப் போக வேண்டியதாயிற்று. ஸ்ரீரங்கத்தில் எங்கள் தெருவில் யாராவது கேட்டால் அம்மா, "கவுண்டர்ல வேலை" என்று மட்டும் சொல்வாள். கேட்டவர்கள் பேங்க் என்று நினைத்துக்கொண்டு மரியாதையாகத் தலையாட்டுவார்கள். அம்மா பொய்யும் சொல்லவில்லை, உண்மையும் சொல்லவில்லை. தெருவில் பாதிப் பேர் என் கவுண்டரில் கையை நீட்டி டிக்கெட் வாங்கிய பிறகுதான் அந்த நாடகம் முடிந்தது. காவிரிப் பாலத்தைத் தாண்டி பஸ்ஸில் வந்து இறங்கும்போது பயமாகத்தான் இருக்கும். தியேட்டரில் வேலை பார்க்கிற பெண்ணை அந்தக் காலத்தில் எப்படிப் பார்ப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. மேனேஜர் என்னை "அம்மா" என்று கூப்பிட ஆரம்பித்ததும் மற்ற ஆண்களும் அப்படியே கூப்பிட ஆரம்பித்தார்கள். அதற்காகவே அவர்மேல் எனக்கு முதல் பிரியம் வந்தது.

அவரைப் பற்றி இப்போது எழுதத் தோன்றியதற்குக் காரணம் என் மகள். பெங்களூரில் ஒரு பெரிய அலுவலகக் கட்டடத்தைப் பராமரிக்கும் அதிகாரியாக இருக்கிறாள். போன வாரம் போனில் பேசும்போது, "கிளீனிங் கம்பெனிய மாத்தறோம்மா, ஒண்ணாம் தேதிலேர்ந்து புது ஆளுங்க" என்றாள். பழைய ஆட்கள் என்ன ஆவார்கள் என்று கேட்டேன். "அதை அவங்க கம்பெனி பாத்துக்கும். மெயில் போட்டாச்சு" என்றாள். அவளைக் குற்றம் சொல்ல மாட்டேன். அவ்வளவு பெரிய கட்டடத்தில் அவள் வேறு என்னதான் செய்வாள்? ஆனால் போனை வைத்த பிறகு எனக்கு மேனேஜரின் ஞாபகம் வந்து, அன்றைக்குச் சமைக்கவே மனம் ஓடவில்லை. இதே காரியத்தை அவர் செய்து நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன்.

எங்கள் தியேட்டரைக் கூட்டிக் கழுவும் கான்ட்ராக்டை ஆரம்ப நாளிலிருந்து எடுத்திருந்தவரை நாங்கள் மேஸ்திரி என்றுதான் கூப்பிடுவோம். கட்டட வேலைக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை. யார் அந்தப் பெயரை வைத்தார்களோ, அதுவே நிலைத்துவிட்டது. தங்கப் பல், சந்தன நிற ஜிப்பா, காதில் அத்தர்ப் பஞ்சு. விளக்குமாற்றை அவர் கையில் பிடித்து நான் பார்த்ததில்லை. அவர் வேலை எல்லாம் திரைக்குப் பக்கத்தில் நின்று வசனத்தைக் கூடவே சொல்வதுதான். கதாநாயகன் அழுதால் இவரும் அழுவார், அதுவும் ஒவ்வொரு காட்சிக்கும் அழுவார். கூட்டிப் பெருக்கியது அவர் கூட்டி வந்த பெண்கள். எல்லோரும் உய்யக்கொண்டான் வாய்க்கால் கரையில் ஒரே தெரு, ஒன்றுக்குள் ஒன்று சொந்தம். அவர்களுக்குத் தலைவி மாதிரி இருந்தவள் மேஸ்திரியின் கூடப்பிறந்த தங்கை. புருஷனை இழந்தவள். கல்யாணத்துக்கு ஒரு மகளை வைத்துக்கொண்டிருந்தாள். கூட்டம் கலையும் வரை பக்கத்துச் சந்தில் காத்திருந்து, கடைசி ஆள் வெளியே போனதும் எல்லோரும் உள்ளே நுழைவார்கள். அடுத்த காட்சிக்கு மணி அடிப்பதற்குள் கடலைத் தொலி, பீடித் துண்டு, முறுக்குப் பொட்டலம் எல்லாம் மாயமாகிவிடும். போகும்போது என் கவுண்டர் கம்பி வழியாக எட்டிப் பார்த்து, "டிக்கெட்டம்மா, இன்னிக்கு யாரோ கைக்குட்டைய விட்டுட்டுப் போயிருக்காங்க, வாசனையா இருக்கு, வெச்சுக்கிறீங்களா?" என்று அந்தத் தங்கை கேலி பண்ணுவாள்.

மேஸ்திரிக்கு ஆசை கொஞ்சம் அதிகமானதுதான் வினையாயிற்று. ஸ்ரீரங்கத்தில் ஒரு லாட்ஜையும், தென்னூரில் ஒரு கல்யாண மண்டபத்தையும் கான்ட்ராக்ட் எடுத்துக்கொண்டார். லாட்ஜுக்கு ஆண்கள்தான் வேண்டும் என்று சொல்லிவிட்டதால் அங்கே வேறு ஆட்கள். மண்டபத்துக்கு மட்டும் முகூர்த்த நாளில் எங்கள் பெண்களில் பாதிப் பேரைப் பிய்த்துக்கொண்டு போய்விடுவார். மீதிப் பேர் இரண்டு ஆள் வேலையை ஒரு ஆள் செய்தும் ஹால் ஹாலாக இருக்காது. மேனேஜர் காலில் ஒட்ட ஆரம்பித்தது. அவர் கூப்பிட்டுச் சொல்லும்போதெல்லாம் மேஸ்திரி, "இனிமே பாருங்க சார், கண்ணாடி மாதிரி வெச்சுடறேன்" என்பார். அடுத்த முகூர்த்தம் வரைக்கும் கண்ணாடி மாதிரிதான் இருக்கும். கடைசியில் ஒரு ஆவணி முகூர்த்தத்தன்று, முதலாளியின் சம்பந்தியம்மாள் பால்கனியில் உட்கார்ந்துவிட்டு எழுந்தபோது, அவள் பட்டுப்புடவையின் பின்பக்கம் வெற்றிலைச் சாறு அப்பியிருந்தது. சாதாரண ஆள் புடவையாக இருந்தால் கதை வேறு. அது சம்பந்தி வீட்டுப் புடவை ஆயிற்றே. முதலாளி மறுநாளே மேனேஜரைக் கூப்பிட்டு, தீபாவளிப் படம் போடுவதற்குள் கூட்டுகிற கான்ட்ராக்டை வேறு ஆளுக்கு மாற்றிவிட வேண்டும் என்று சொல்லிவிட்டார். பழைய ஆட்கள் ஒருத்தர்கூட உள்ளே இருக்கக் கூடாது என்றும் சொன்னார்.

மேனேஜர் அன்றைக்கு என் கவுண்டருக்குப் பின்னால் இருந்த ஸ்டூலில் வந்து உட்கார்ந்தார். அப்படி அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. மேஸ்திரியைப் பற்றி அவருக்குக் கவலையில்லை. லாட்ஜ் இருக்கிறது, மண்டபம் இருக்கிறது, அவர் பிழைத்துக்கொள்வார். "அந்தப் பொம்பளைங்க என்னம்மா பண்ணுவாங்க?" என்றார். "மண்டபத்துல ஆடிக்கும் மார்கழிக்கும் ஈ கூட உக்காராது. இந்தத் தியேட்டர்தான் அவங்களுக்கு வருஷம் பூரா இருக்கற அடுப்பு." புடவையைக் கறையாக்கியது அந்தப் பெண்கள் இல்லை, ஆளைக் குறைத்தவர் மேஸ்திரி. தண்டனை மட்டும் அவர்களுக்கு. அந்தத் தங்கை மகளுக்குத் தை மாதம் கல்யாணம் பேசி முடித்திருந்த நேரம் அது. கான்ட்ராக்ட் மாற வேண்டும், படம் ஒரு காட்சி கூட நிற்கக் கூடாது, அந்தப் பெண்கள் வெளியே போகவும் கூடாது. இந்த மூன்றையும் சேர்த்து எப்படிச் செய்வது என்பதுதான் அவர் கவலை. "மாத்தறோம்னா, உள்ள உக்காந்து படம் பாக்கறவனுக்கு மாத்தினதே தெரியக் கூடாதும்மா. அதுதான் மாத்தறது" என்று சொல்லிக்கொண்டே எழுந்து போனார்.

முதல் காரியமாக அவர் மேஸ்திரியிடம் நேரே போய் விஷயத்தைச் சொல்லிவிட்டார். மறைத்து வைத்துக் கடைசி நாளில் சொல்வதுதான் மற்ற இடங்களில் வழக்கம், இல்லாவிட்டால் பழைய ஆள் நடுவில் விட்டுவிட்டு ஓடிவிடுவான் என்று எங்கள் ஆபரேட்டர்கூட எச்சரித்தார். மேனேஜர் கேட்கவில்லை. அடுத்தவர் வாயால் கேள்விப்பட்டால்தான் மனிதனுக்கு ரோஷம் வரும் என்றார். மேஸ்திரிக்கு ரோஷம் எப்படிச் சொன்னாலும் வரத்தான் செய்தது. ஓடவில்லை, ஆனால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். திரைக்குப் பக்கத்தில் வந்து வசனம் சொல்வதை நிறுத்திவிட்டார்.

புது கான்ட்ராக்டர் பொன்மலையிலிருந்து வந்தவர். ரயில்வே ஒர்க்‌ஷாப் ஓரத்தில் பிறந்து வளர்ந்து, அங்கே குவார்ட்டர்ஸ் பக்கம் துப்புரவு வேலைகளை எடுத்துச் செய்துகொண்டிருந்த இளைஞர். காக்கி கால்சட்டை, கழுத்தில் விசில். நின்றுகொண்டே பெருக்குகிற மாதிரி நீளக் கம்பு கட்டிய துடைப்பங்களைச் சைக்கிளில் ஈட்டி மாதிரி கட்டிக்கொண்டு வந்து இறங்கியதைப் பார்த்து நாங்கள் சிரித்தோம். ஆனால் வேலையில் கெட்டிக்காரர், நல்ல மனசும் உண்டு. மேனேஜர் அவரிடம், பெண்கள் பக்கத்துக்குப் பெண்கள்தான் வேண்டும், மேஸ்திரியிடம் இருந்தவர்களையே வைத்துக்கொள்ளலாம், கைக்குழந்தையோடு மெதுவாக எழுந்து போகிறவர்கள் நடுவில் ஆண்கள் துடைப்பத்தோடு நுழைந்தால் சண்டை வரும் என்று எடுத்துச் சொன்னதும், "வந்தா வரச் சொல்லுங்க சார், நான் சேத்துக்கறேன்" என்று உடனே ஒத்துக்கொண்டார். அவர் ஒத்துக்கொண்டார், பெண்கள் ஒத்துக்கொள்ளவில்லை. "எங்கண்ணனை வெளிய தள்ளிட்டு வந்தவரு கிட்ட நாங்க கைகட்டி நிக்கறதா?" என்று தங்கை முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மேஸ்திரியும் சும்மா இருக்கவில்லை. புது ஆளிடம் வேலைக்குப் போகிறவள் எவளானாலும் என் வீட்டு வாசற்படியை மிதிக்க வேண்டாம் என்று தெருவில் சொல்லி வைத்திருந்தார். அவர்களுடைய தெருவில் அந்த வாசற்படி இல்லாமல் ஒரு கல்யாணம் நடக்காது.

அப்படியே நாள் நெருங்கி, ஐப்பசி பிறந்து, பழைய ஆட்கள் நின்று புது ஆட்கள் தனியாக வேலைக்கு வந்தார்கள். மேட்னி முடிந்து கூட்டம் கலைந்தது. முதலாளி அன்றைக்குப் படப்பெட்டி சம்பந்தமாக வந்த விநியோகஸ்தரோடு வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்தார். டிக்கெட் கவுண்டருக்கு மேலே இருந்த லட்சுமி படத்துக்கு வழக்கம்போல விளக்கேற்றி, சாம்பிராணி காட்டி முடித்திருந்தார்கள். அந்த நேரம் பார்த்து, உள்ளே விசில் சத்தம் கேட்டது. பத்துக் கடலைக்காரன் கடை கவிழ்ந்தது போல ஒரு குப்பை மலை, நீளத் துடைப்பங்களின் முன்னால் உருண்டு உருண்டு, ஹாலைத் தாண்டி, விளக்கு எரிகிற கவுண்டரைத் தாண்டி, முன்வாசல் வழியாக முதலாளியின் காலைத் தொட்டுக்கொண்டு தெருவுக்குப் போயிற்று. பின்னாலேயே புது கான்ட்ராக்டர் பெருமையாக வந்து முதலாளிக்கு ஒரு சல்யூட் வைத்தார்.

விளக்கு வைத்த பிறகு வீட்டுக் குப்பையை வெளியே தள்ளினால் லட்சுமியும் கூடவே போய்விடுவாள் என்று எங்கள் பக்கத்தில் கைக்குழந்தைக்குக்கூடச் சொல்லி வளர்ப்பார்கள். மேஸ்திரியின் பெண்கள் அந்தி நேரக் குப்பையை வாசல் பக்கம் கொண்டுவரவே மாட்டார்கள். உள்பக்கமாகப் பெருக்கி, திரைக்குக் கீழே ஒரு மூலையில் ஒதுக்கி, சாக்கைப் போட்டு மூடி வைத்துவிட்டு, மறுநாள் காலையில்தான் வெளியே எடுப்பார்கள். இது எங்கள் எல்லோருக்கும் தெரியும். தெரிந்ததால்தான் யாருக்கும் சொல்லத் தோன்றவில்லை. சோறு சாப்பிடுமுன் கை கழுவு என்று யாராவது கான்ட்ராக்டரிடம் சொல்வார்களா? மேனேஜர் அவரிடம் சொல்லாத விஷயமே இல்லை. எந்தக் குழாயில் தண்ணீர் நிற்கும், எந்த பெஞ்சில் ஆணி நீட்டிக்கொண்டிருக்கும் என்பதுவரை கூட்டிக்கொண்டு போய்க் காட்டியிருந்தார். இதை மட்டும் விட்டுவிட்டார். பாவம், அந்தப் பையன்மேலும் தப்பில்லை. ஒர்க்‌ஷாப்பில் விளக்கு வைக்கிற நேரம் என்று ஒன்று கிடையாது. அங்கே சங்கு ஊதினால் வேலை, மறுபடி ஊதினால் வீடு.

முதலாளிக்கு முகம் சிவந்துவிட்டது. விநியோகஸ்தர் வேறு குனிந்து தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். தீபாவளிப் படம் போடப்போகிற சமயத்தில் முன்வாசல் வழியாக லட்சுமியைப் பெருக்கித் தள்ளிவிட்டான், இந்த நிமிஷமே இவனை அனுப்பு என்று முதலாளி கத்தினார். மேனேஜர் நிதானமாக, "சொல்ல வேண்டியவன் நான், சொல்லாம விட்டவனும் நான். அனுப்பறதா இருந்தா என்னை அனுப்புங்க" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, இந்த ஹாலோட பழக்கம் தெரிஞ்சவங்க உள்ள இருந்திருந்தா இது நடந்திருக்காது என்றார். முதலாளி அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டார். அந்தி நேரத்தில் பெருக்க இனிமேல் அந்தப் பழைய பெண்கள்தான் வேண்டும், தீபாவளிக்குள் அவர்கள் வந்தால் இவனும் இருக்கலாம், இல்லாவிட்டால் இவனும் போகலாம், நீங்களும் போகலாம் என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். ஒருத்தர்கூட இருக்கக் கூடாது என்று சொன்ன அதே வாய்தான் இது. மேனேஜர் என் பக்கம் திரும்பிய முகத்தில் பயம் இருந்தது, கூடவே ஒரு சின்ன சந்தோஷமும் இருந்ததை நான் பார்த்தேன்.

மறுநாள் காலையில் என்னையும் அழைத்துக்கொண்டு வாய்க்கால் கரைக்குப் போனார். பெண்களிடம் பேச ஒரு பெண் கூட இருந்தால் நல்லது என்று சொன்னார். வெற்றிலை பாக்கும் பழமும் வாங்கிக்கொண்டு போனோம். மேஸ்திரி எங்களைப் பார்த்ததும் நாற்காலி போட்டார், காப்பி வாங்கி வரச் சொன்னார், எல்லாம் சரியாகத்தான் செய்தார். விஷயத்தைக் கேட்டதும் மட்டும் தங்கப் பல் மறைந்துவிட்டது.

"ஆளுங்களைக் கைமாத்தி விடச் சொல்றீங்களா? அவங்க என்ன ஆடா மாடா, சார்?"

"ஆளுங்களை நான் கேக்கவே இல்லையே மேஸ்திரி" என்றார் மேனேஜர். "இத்தனை வருஷம் அந்தத் தியேட்டரைப் பாத்துக்கிட்டீங்க. சொல்லாம கொள்ளாம நின்னுட்டா நல்லாவா இருக்கு? பண்டிகை நாள் வருது. நீங்களே வந்து, முதலாளி முன்னால, உங்க வெளக்கமாத்த வெச்சுட்டு மரியாதையா விடை வாங்கிட்டுப் போங்க. உங்க ஆளுங்களும் கூட வந்து சொல்லிட்டுப் போகட்டும்."

"முதலாளி இருப்பாரா?"

"அவர் கையாலயே வெத்தல பாக்கு கொடுக்கச் சொல்றேன்."

மேஸ்திரி திரும்பி வாய்க்கால் தண்ணீரைப் பார்த்தார். பிறகு, "போட்டோ எடுப்பாங்களா?" என்று கேட்டார். தங்கை கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் அவளிடம் கல்யாண வேலையெல்லாம் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். அவள் புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே நின்றாள்.

தீபாவளிக்கு முந்தின நாள் காலையில் மேஸ்திரி வந்தார். புது ஜிப்பா, சரிகைத் துண்டு, தெரு முனையிலேயே அத்தர் மணம். கூட்டுகிற கான்ட்ராக்டை விட்டுப் போகிறவர் மாதிரியே இல்லை, மாப்பிள்ளை அழைப்புக்கு வந்தவர் மாதிரி இருந்தார். அவருக்குப் பின்னால் பெண்கள் எல்லோரும் தலைக்கு எண்ணெய் வைத்து வாரி, முன்வாசல் வழியாக வந்தார்கள். அவர்கள் அந்த வழியாக உள்ளே வந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. வரச் சொன்னவர் மேனேஜர். முதலாளி தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு வைத்து மேஸ்திரிக்குக் கொடுத்தார். ஒரு போட்டோவும் எடுத்தார்கள். அதில் மேஸ்திரியின் பல் மட்டும் நன்றாக விழுந்திருந்ததாகப் பிறகு எல்லோரும் சொல்லிச் சிரித்தார்கள்.

அதன் பிறகு மேஸ்திரி தன் தங்கை கையிலிருந்த தென்னை விளக்குமாற்றை வாங்கினார். அவர் விளக்குமாற்றைப் பிடித்து நான் பார்த்ததும் அன்றைக்குத்தான். வாங்கியவர் அதை எப்படிப் பிடிப்பது என்று தெரியாமல் கொஞ்சம் தடுமாறினார். புது கான்ட்ராக்டர் பரிசு வாங்குகிறவர் போல இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு முன்னால் வந்தார்.

"கையில வேண்டாம்" என்றார் மேனேஜர். "வெளக்கமாத்த கைக்குக் கை கொடுத்தா சண்டை வரும்னு சொல்லுவாங்க. கீழ வெச்சுடுங்க மேஸ்திரி."

முதலாளியும் ஆமாம் என்று தலையாட்டினார். மேஸ்திரி குனிந்து, கவுண்டருக்கு முன்னால் கழுவிவிட்டிருந்த தரையில் அதை வைத்தார். வைத்துவிட்டு நிமிர்ந்தபோது அவர் கண் கலங்கியிருந்தது. சினிமா பார்த்து அழுகிற அழுகையில்லை அது. புது கான்ட்ராக்டர் எடுக்கக் குனிந்தார். அதற்குள் மேனேஜர், "தம்பி, ஒரு நிமிஷம். பினாயில் வந்துடுச்சா, பாத்தீங்களா?" என்று கேட்டார். அவர் நிமிர்ந்து, "பாத்துட்டு வரேன் சார்" என்று பின்பக்கமாக ஓடினார். விளக்குமாறு தரையில் கிடந்தது. நான் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று அந்தத் தங்கையின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் விளக்குமாற்றைப் பார்த்தாள், அண்ணனைப் பார்த்தாள், மறுபடி விளக்குமாற்றைப் பார்த்தாள்.

பிறகு குனிந்து எடுத்துக்கொண்டாள்.

எடுத்தவள் அண்ணன் முகத்தைப் பார்க்காமல், காம்பைத் தரையில் தட்டி ஈர்க்குகளைச் சமமாக்கினாள். வாசற்படியை மிதிக்காதே என்று மேஸ்திரி இப்போது எல்லோர் முன்னாலும் சொல்லிவிடுவாரோ என்று எனக்குப் பயமாக இருந்தது. அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். "நான் யாருக்கும் கொடுக்கல. கீழ வெச்சேன். அவளா எடுத்துக்கிட்டா" என்று முதலாளியைப் பார்த்துச் சொன்னார். பிறகு தங்கையிடம் திரும்பி, "பொம்பளைங்க பக்கம் மூணாவது தூண் கிட்ட எறும்புப் புத்து இருக்கு. பண்டிகைக் கூட்டம், பிள்ளைங்கள உக்கார வெப்பாங்க. பாத்துக்க" என்றார். அந்த எறும்புப் புற்று அவருக்கு எப்படித் தெரியும் என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. "சரிண்ணே" என்றாள் அவள். "போயிட்டு வரேன்" என்று எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லிவிட்டு, தாம்பூலத்தை மார்போடு அணைத்துக்கொண்டு மேஸ்திரி போனார்.

தீபாவளியன்று ஐந்து காட்சியும் நிறைந்தன. என் கவுண்டரில் வளையல் கைகள் கம்பியைப் பிய்த்துவிடும் போல நெருக்கின. காட்சிக்குக் காட்சி அந்தப் பெண்களும் பொன்மலை ஆட்களும் சேர்ந்து உள்ளே நுழைந்தார்கள். விசில் ஊதியது, ஆனால் அந்தி சாய்ந்த பிறகு ஒரு கடலைத் தொலிகூட முன்வாசல் பக்கம் வரவில்லை. படம் பார்த்துவிட்டுப் போனவர்களில் ஒருவருக்கும் கான்ட்ராக்ட் மாறியது தெரியாது. தை மாதம் அந்தத் தங்கை மகளின் கல்யாணம் மேஸ்திரியின் வாசலில் பந்தல் போட்டு நடந்தது. மேனேஜரும் நானும் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தோம்.

கல்யாணத்திலிருந்து திரும்பி நடந்து வரும்போதுதான், அத்தனை நாளாக என் மனத்தில் உறுத்திக்கொண்டிருந்ததை அவரிடம் கேட்டேன்.

"பினாயில் அதுக்கு முந்தின நாளே வந்துடுச்சே சார். இறக்கி வெக்கறப்ப நீங்களும் நானும் பக்கத்துலதானே நின்னோம்?"

மேனேஜர் வாயில் வெற்றிலை இருந்தது. அதை ஒரு கன்னத்துக்கு ஒதுக்கிவிட்டுச் சிரித்தார்.

"கையில கொடுத்தா ஒருத்தருக்குத்தாம்மா போகும். கீழ வெச்சா, யார் வேணும்னாலும் எடுத்துக்கலாம். எடுக்கறவங்களுக்குக் கொஞ்சம் நேரம் கொடுக்கணும், அவ்வளவுதான்."